புரதப் பாடம் கைக்கு எட்டட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

புரத அமைப்பு ஆய்வில் பெரும்பங்களித்த அறிவியலாளர் ஜி.என். இராமச்சந்திரன் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து தோல், எலும்பு முதலியவற்றில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் மூவிழைச் சுருள் அமைப்பை முன்வைத்த அவர், 1963இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன், புரதச் சங்கிலி தன் கண்ணிகளான அமினோ அமிலங்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு பிணைப்புகளைச் சுற்றித் திரும்பும்போது அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாத கோணங்கள் எவை என்பதை ஒரே வரைபடத்தில் காட்டினார். புதிதாகக் கண்டறியப்படும் புரத அமைப்புகள் இன்றும் உலகெங்கும் அதைக் கொண்டு சரிபார்க்கப்படுகின்றன. இத்தகைய அரிய சாதனையை நம் பிள்ளைகளுக்குப் பெயராகவும் படமாகவும் மட்டும் அறிமுகப்படுத்துவது போதாது.

கும்பகோணம் அருகே வேதியியல் ஆசிரியராக இருந்தபோது, ஈர்க்குச்சிகளைச் சைக்கிள் வால்டியூப் துண்டுகளால் இணைத்து, அணுக்களாகக் களிமண் உருண்டைகளைப் பொருத்தி, புரதச் சங்கிலியின் மாதிரியாக மாணவர்களிடம் கொடுத்தேன். அதுவரை வகுப்பில் வாய் திறக்காத மாணவி ஒருத்தி, "இப்படித் திருப்பினா இடிக்குது சார்" என்று முதலில் சொன்னாள். இராமச்சந்திரன் பிறந்த அக்டோபர் 8ஆம் நாளையொட்டி, டெல்டா மாவட்டங்களின் மேல்நிலைப் பள்ளிகளில் இத்தகைய மாதிரிகளை மாணவர்களே செய்து பார்க்க ஒரு பாடவேளையை ஒதுக்கப் பள்ளிக் கல்வித் துறை முன்வர வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கும்பகோணம்.