கசகசா அளவில் ஓர் உண்ணி: நியூ ஜெர்சி தமிழ் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். நான் மத்திய நியூ ஜெர்சியில் பதினொரு வருடமாக வசிப்பவன். இங்கே எந்தப் பக்கம் போனாலும் கிளினிக் பலகையில் ஒரு தமிழ்ப் பெயராவது கண்ணில் படுகிறது. அந்த உரிமையில்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய் பற்றி உங்களுக்குச் சொல்லித்தரும் தகுதி எனக்கு இல்லை. போன கோடையில் என் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்லிவிட்டு, உங்களிடம் இரண்டு விஷயங்கள் கேட்க வேண்டும்.

அம்மாவுக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். ஐம்பது வருடம் மாடு வளர்த்தவர். மே மாதம் எங்களோடு இருக்க வந்தார். வந்த மறுவாரமே கொல்லையில் தக்காளி, கத்தரி, வெண்டை என்று நட்டுவிட்டார். எங்கள் கொல்லை முடிகிற இடத்தில் மரக்காடு தொடங்குகிறது. மான்கள் வேலி வரைக்கும் வரும். அங்கே மரத்தடியில் குவிந்து கிடந்த சருகை அள்ளி வந்து செடிகளுக்கு மூடாக்கு போட்டார். உண்ணிக் குஞ்சுகள் இருப்பதே அந்தச் சருகுக்குள்தான் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

ஜூன் நடுவில் ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவர், முழங்காலுக்குப் பின்னால் புதிதாக ஒரு மச்சம் வந்திருக்கிறது என்றார். இரண்டு நாளாகவே இருக்கிறதாம். மறுநாள் நகத்தால் சுரண்டியபோது அது கையோடு வந்துவிட்டது. உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கசகசாவைவிடக் கொஞ்சம்தான் பெரிது. உற்றுப் பார்த்தால் கால்கள் அசைந்தன. "இதென்ன சாமி, உண்ணியாட்டம் இருக்குது? உண்ணின்னா ஆமணக்குக் கொட்டை தண்டி இருக்குமே" என்று சொல்லி, வாஷ்பேசினில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார். நானும் அத்தோடு மறந்துவிட்டேன்.

முதல் வாய்ப்பு அங்கேயே போய்விட்டது. லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணிதான் என்று தெரிந்து, அது 36 மணி நேரமாவது ஒட்டியிருந்து, எடுத்த 72 மணி நேரத்துக்குள் வந்தால், பெரியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 200 மில்லிகிராம் ஒரே ஒரு வேளை கொடுத்துத் தடுத்துப் பார்க்கலாம் என்பதைப் பிறகுதான் படித்தேன். அந்த உண்ணியை ஒரு டேப்பில் ஒட்டி, தேதி எழுதிக்கொண்டு உங்களில் ஒருவரிடம் வந்திருக்க வேண்டும். அது என் தவறு. அதற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

ஒன்பதாம் நாள் அதே இடத்தில் ஒரு தடம் தெரிந்தது. சிவப்பாக இல்லை. அம்மா நல்ல கறுப்பு. அந்தத் தோலில் அது எங்கேயோ இடித்துக்கொண்டு கன்றிப்போன மாதிரி, ஊதா கலந்த கருமையாக இருந்தது. அரிப்பு இல்லை, வலி இல்லை. கை வைத்தால் லேசாகச் சூடு தெரிந்தது, அவ்வளவுதான். அம்மா மஞ்சள் பத்து போட்டுவிட்டார். என் மனைவி அதைக் கழுவச் சொல்லி, பால்பாயிண்ட் பேனாவால் தடத்தின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு ஃபோட்டோ எடுத்து வைத்தாள். மறுநாள் சாயங்காலம் தடம் அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை போயிருந்தது. மூன்றாம் நாள் உள்ளங்கை அகலம்.

உடம்பு வலியும் லேசான காய்ச்சலும் சேர்ந்துகொண்டன. விசிட்டர் இன்ஷூரன்ஸ்தான், டிடக்டிபிள் என்ற முதல் தொகையை நாங்கள்தான் கட்ட வேண்டும். "இதுக்குப் போயி இத்தனை டாலரா" என்று அம்மா மறுத்தார். வற்புறுத்தித்தான் முன்பதிவு இல்லாமல் பார்க்கும் ஓர் அர்ஜென்ட் கேர் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அங்கே பார்த்தவர் பொறுமையானவர், அக்கறையாகத்தான் கேட்டார். சுவரில் லைம் நோய்ப் படம் ஒன்று மாட்டியிருந்தது: வெள்ளைவெளேர் தோலில் சிவப்பு வளையம், உள்ளே வெளுப்பு, நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. அதைக் காட்டி, இப்படி இல்லையே என்றார். பேனாக் கோடு போட்ட ஃபோட்டோவைக் காட்டினோம். படர்தாமரையாக இருக்கும் என்று ஒரு க்ரீம் எழுதிக்கொடுத்து, எதற்கும் இருக்கட்டும் என்று ரத்தமும் எடுத்தார்கள். மூன்று நாளில் போன் வந்தது, நெகட்டிவ். அம்மா சாமிக்கு விளக்கேற்றினார். அந்தத் தடமும் சில வாரங்களில் தானாக மங்கியது. க்ரீம்தான் குணப்படுத்தியது என்று நம்பினோம்.

ஆகஸ்ட் முதல் வாரம் ஒரு காலையில் அம்மா காப்பி குடிக்கும்போது அது இடது கடைவாயில் வழிந்து புடவையில் சொட்டியது. அவருக்கே தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது இடது கண் மூடவில்லை. பக்கவாதம் என்று நினைத்து 911 அடித்தேன். ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் இழுத்த வாயால், "என்னை ஊருக்குக் கொண்டுபோயிரு சாமி" என்றார். அந்தக் குரலை என்னால் மறக்க முடியாது.

பக்கவாதம் இல்லை, லைம் கிருமி முகநரம்பைத் தாக்கியிருக்கிறது என்று அன்றே சொன்னார்கள். அடுத்து வந்த ரத்தப் பரிசோதனையும் பாசிட்டிவ். மூன்று வாரம் மாத்திரை. முகம் பழையபடி ஆக இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. பேரனின் காதுகுத்துக்கு எடுத்திருந்த கோவை டிக்கெட்டை ரத்து செய்தோம்.

உங்களிடம் கேட்க நினைத்த முதல் விஷயம் இங்கேதான் வருகிறது. அந்தப் பரிசோதனை தேடுவது கிருமியை இல்லை, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியை. அது உண்டாகச் சில வாரம் பிடிக்கும். தடம் வந்த புதிதில் நெகட்டிவ் வருவது சகஜம் என்பது நீங்கள் அறிந்ததுதான். லைம் நோய் உள்ள பகுதியில் இருந்தவருக்கு அதற்கே உரிய தடம் இருந்தால், ரத்த முடிவுக்காகக் காத்திருக்காமல் பார்த்தே முடிவு செய்து மருந்தைத் தொடங்கலாம் என்று 2020இல் வந்த அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. தடம் சந்தேகமாக இருந்து பரிசோதனையும் நெகட்டிவ் என்றால், இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்கிறது. அந்த இரண்டாவது பரிசோதனை பற்றி எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஜூலையிலேயே அம்மாவைக் கூட்டிப்போயிருப்பேன். அந்தக் கட்டத்தில் பத்து நாள் டாக்ஸிசைக்ளின் பெரும்பாலும் போதும் என்கிறார்கள். டாக்டர், "நெகட்டிவ்" என்று போனில் கேட்டதும் எங்களைப் போன்றவர்கள் நோயே இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம். தயவுசெய்து அந்த ஒரு சொல்லோடு எங்களை அனுப்பிவிடாதீர்கள்.

சுவரில் இருந்த படத்தையும் சொல்ல வேண்டும். நோய் வருபவர்களில் 70 முதல் 80 சதவீதம் பேருக்குத் தடம் வருகிறது என்கிறார்கள். ஆனால் நடுவில் புள்ளி வைத்த வளையமாகத்தான் வரும் என்று கட்டாயம் இல்லை. ஒரே நிறத்தில் பரவுவதும் சகஜம். மாநிறத்திலும் கறுப்பிலும் அது இன்னும் வேறு மாதிரித் தெரிகிறது. இந்த நாட்டுக் கறுப்பின மக்களுக்குத் தடம் இருக்கும்போதே நோய் கண்டுபிடிக்கப்படுவது குறைவு, மூட்டையும் நரம்பையும் தாக்கிய பிறகு கண்டுபிடிக்கப்படுவது அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் தோல் உங்களுக்குப் புதிதில்லை. கொசுக்கடியும் அம்மையும் படர்தாமரையும் இந்தத் தோலில் எப்படி இருக்கும் என்று பார்த்தே வளர்ந்தவர்கள் நீங்கள். உங்களோடு வேலை பார்ப்பவர்களிடம் அதைச் சொல்லுங்கள். உங்கள் கிளினிக் சுவரிலாவது நம் நிறத்தில் ஒரு படம் மாட்டுங்கள்.

இந்த நோய்க்குப் பெயர் வந்த கதையையும் அப்புறம் தேடிப் படித்தேன். 1975இல் கனெக்டிகட் மாநிலத்தின் லைம் பகுதியில் பிள்ளைகளுக்கு வரிசையாக மூட்டு வீங்கியபோது, பாலி மர்ரே, ஜூடித் மென்ஷ் என்ற இரண்டு தாய்மார்கள்தான் அதை விடாமல் சுகாதாரத் துறைக்கும் யேல் பல்கலைக்கழகத்துக்கும் சொன்னார்கள். டாக்டர் ஆலன் ஸ்டியர் அதைக் காதுகொடுத்துக் கேட்டு ஆராய்ந்தார். என் மனைவி போட்ட பேனாக் கோட்டை நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது விஷயம் சின்னது. மே முதல் ஜூலை வரைதான் இந்தக் குஞ்சு உண்ணிகள் அதிகம் கடிக்கும் காலம். ஊரிலிருந்து அப்பா அம்மாக்கள் வந்து இறங்குவதும் அதே மாதங்களில்தான். லைம் என்ற சொல்லே அவர்களுக்குப் புதிது. உண்ணி என்றால் மாட்டின் காதில் இருப்பது. தோட்டத்திலிருந்து வந்ததும் அக்குள், தொடையிடுக்கு, முழங்கால் பின்புறம் பார்க்க வேண்டும், கூரான ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், வாஸ்லினும் தீக்குச்சியும் கூடாது என்றெல்லாம் நான் சொன்னால் கேட்க மாட்டார்கள், டாக்டர் தமிழில் சொன்னால் கேட்பார்கள். ஏப்ரல் கடைசியில் எங்கள் தமிழ்ப்பள்ளியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்களில் ஒருவர் வர முடியுமா? ஒரு வெள்ளைத் தட்டில் கசகசா கொண்டு வருகிறேன், அளவு காட்ட. பேனாக் கோடு போட்ட அந்த மூன்று நாள் ஃபோட்டோக்களையும் காட்டலாம் என்று அம்மா ஊரிலிருந்து போனில் சொல்லிவிட்டார்.

அன்புடன்,
மத்திய நியூ ஜெர்சியிலிருந்து ஒரு மகன்