40 ஏக்கரில் ஒரு மிளகு

ரெட்மண்ட், அமெரிக்கா
அக்டோபர் 28

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. தம்பி மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். முழங்காலுக்கு அந்த எண்ணெயை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போ, சொல்லிவிட்டேன். இங்கே மகள், மருமகன், பேத்தி எல்லாரும் சௌக்கியம். நாய் எப்படி இருக்கிறது என்று கடைசி வரியில் போகிறபோக்கில் கேட்டிருந்தாய். இந்தக் கடிதம் முழுக்க அந்தக் கதைதான், பொறுத்துக்கொள்.

பெயர் மிளகு என்று சொன்னேனா? கன்னங்கரேல் என்று இருப்பதால் பேத்தி வைத்த பெயர். லாப்ரடாரும் வேறு எதுவோ கலந்தது. இங்கே நாயைக் கயிறில்லாமல் தெருவில் விட முடியாது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்தரையோ நம் ஊர்த் திண்ணையை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அதனால் காலை ஒன்பது மணிக்கு மருமகன் எங்கள் இருவரையும் மேரிமூர் பூங்காவில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவார். பூங்கா மொத்தம் 640 ஏக்கர். அதில் 40 ஏக்கர் நாய்களுக்கு மட்டும். அந்த எல்லைக்குள் கயிற்றை அவிழ்த்துவிடலாம். ஒரு பக்கம் சம்மாமிஷ் ஆறு ஓடுகிறது, நாய்கள் இறங்கி நீந்த அங்கங்கே வழி வைத்திருக்கிறார்கள். இந்த நாட்டில் நாய்களுக்கென்று முதலில் ஒதுக்கிய பூங்கா பெர்க்லியில் இருக்கும் ஓலோனி பூங்கா என்று சொல்கிறார்கள், 1979இல். நீ சிரிப்பாய். அந்த வருஷம் உன் வீட்டுச் சிப்பிப்பாறை நாய் வீரனுக்குக் கோவில்பட்டிக்கு இந்தப் பக்கம் இருந்த கரிசல் முழுக்கப் பூங்காதானே.

முதல் மூன்று வாரம் நான் கயிற்றை விடவே இல்லை. ஓடிவிட்டால் மகளுக்கு யார் பதில் சொல்வது? ஆனால் பக்கத்தில் எந்த நாய் வந்தாலும் மிளகு பல்லைக் காட்டியது. சரி, முரட்டு ஜாதி என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் வயதான வெள்ளைக்காரம்மா ஒருவர் நின்று, உங்கள் நாய் மேல் தப்பில்லை, கயிற்றின் மேல்தான் தப்பு என்றார். சுற்றிலும் எல்லாம் அவிழ்ந்து திரிய, இது மட்டும் கட்டுண்டு நிற்கிறது. பயந்தால் விலகி ஓட வழியில்லை, அதனால் முறைக்கிறது. நாம் பயத்தில் கயிற்றை இழுத்துப் பிடிக்க, அதன் நெஞ்சு நிமிர்கிறது. எதிரில் வரும் நாய்க்கு அது சண்டைக்கு நிற்பது போலத் தெரிகிறது.

கொக்கியைக் கழற்றினேன். க்ளிக் என்ற சத்தம் கேட்டும் மிளகு நகரவில்லை, என் காலோடு ஒட்டியே நின்றது. எதிரே ஒரு பழுப்பு நாய் வந்து முன்னங்கால் இரண்டையும் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, பாதி சாஷ்டாங்கம் போட்டது. விளையாட வா என்று அர்த்தமாம். மிளகும் ஒரு பாதி சாஷ்டாங்கம் போட்டது. அப்புறம் இரண்டும் போன வேகத்தில் புல்லில் புழுதி பறந்தது. எனக்குக் கை நடுங்கியது, நிஜமாக.

எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிடாதே. அலைபேசியில் தலையைக் கவிழ்த்தபடி நடக்கிறவர்கள் உண்டு. அவர்கள் நாய் நான்கு பேரை வம்புக்கிழுத்துக்கொண்டிருக்கும். அப்புறம் இந்தப் பை சமாசாரம். முப்பது வருஷம் தாலுகா ஆபீஸில் கையெழுத்துப் போட்ட கையில் நாய் கழித்ததை அள்ளிய பை. முதல் நாள் யாராவது தெரிந்தவர் பார்க்கிறாரா என்று சுற்றிப் பார்த்தேன். இப்போது பழகிவிட்டது.

போன மாதம்தான் பெரிய கண்டம். இலையுதிர் காலத்தில் சால்மன் மீன்கள் கடலிலிருந்து இந்த ஆறு வழியாக, தாங்கள் பிறந்த ஓடைக்கே திரும்பி ஏறும். முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். அப்படி ஒதுங்கிய ஒன்றை மிளகு கரையில் கண்டுபிடித்துவிட்டது. நான் பார்க்கும்போது வாலைத் தவிர எல்லாம் உள்ளே போயிருந்தது. மீன்தானே, நாம் நாய்க்கு மீன்தலை போட்டு வளர்த்தவர்கள்தானே என்று சிரித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா ஓடி வந்தார். இந்தப் பக்கத்துச் சால்மனில் ஒரு சிறு புழு இருக்கிறது, அந்தப் புழுவுக்குள் ஒரு கிருமி இருக்கிறது. பச்சை மீனைத் தின்ற பூனைக்கு ஒன்றும் செய்யாது, நாயைக் கொன்றுவிடும். வேகவைத்தால் பயமில்லை. சொல்லி வைத்தாற்போல் ஆறாம் நாள் தயிர்சாதத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாந்தி, காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டியிருந்தது. மீன் தின்றதைச் சொன்னதும் மருத்துவர் மலத்தைச் சோதித்துப் புழு முட்டையைக் கண்டுபிடித்தார், உடனே மருந்து கொடுத்தார். இரண்டாம் நாள் எழுந்து பேத்தியின் தட்டை நக்கியது. மீன் கதையை நான் வாய் திறந்து சொல்லியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

அன்று அது கரைப்பக்கம் ஓடும்போதே நான் கூப்பிடாமல் இல்லை. 'கம், கம்' என்று தொண்டை கட்டக் கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகுதான் புரிந்தது: வீட்டில் 'கம்' என்று சொல்வதெல்லாம் குளிப்பாட்டவும், காது சுத்தம் செய்யவும், பூங்காவை விட்டுக் கிளம்பவும்தான். எந்த மடையன் வருவான்? அந்த வார்த்தையைத் தலைமுழுகிவிட்டு, நம் ஊர் 'தோ, தோ'வைப் பிடித்தேன். சட்டைப் பையில் வெந்த கோழித் துண்டு. கூப்பிடுவேன், வந்தால் ஒரு துண்டு கொடுத்து, போடா என்று திரும்ப ஓட விட்டுவிடுவேன். பத்துத் தடவை இப்படி. பதினோராவது தடவைதான் கயிறு. கூப்பிட்டால் விளையாட்டு முடிந்தது என்ற நினைப்பு அதற்குப் போய்விட்டது. இப்போது பாதிப் புல்வெளி தாண்டி காதெல்லாம் பறக்க ஓடி வருகிறது. கூடவே கோழி வாசனைக்கு ஊரார் நாய் நாலும் வருகிறது. இங்கே என் பெயர் யாருக்கும் தெரியாது, 'மிலாகூவின் தாத்தா' என்றால்தான் தெரியும்.

ஆனால் நாரை பறந்தால் மட்டும் தோவும் இல்லை, கோழியும் இல்லை. ஆற்றோரம் பெரிய சாம்பல் நாரைகள் நிறைய. அங்கேதான் நீ வேண்டும். வீரன் முயல் பின்னால் பாதித் தூரம் பாய்ந்திருக்கும்போது, நீ வாயில் விரலை வைத்து ஒரு விசில் அடிப்பாய். பிரேக் பிடித்த மாதிரி நின்று திரும்புவான். நான் ஒரு மாதமாகக் குளியலறையில் முயற்சி செய்கிறேன், காற்றுதான் வருகிறது. நாக்கை எங்கே மடிக்கவேண்டும், எந்த இரண்டு விரல்? பேரனை விட்டு வீடியோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு. பல் செட்டோடு அடிக்க முடியுமா என்பதையும் சொல்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
சங்கரன்