மேற்கு ஆப்பிரிக்கா என்றால் ராணுவப் புரட்சி மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஆண்டு மலரில் 'உலகம் 2024' பக்கங்களைப் படித்தேன். அமெரிக்கத் தேர்தலுக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறீர்கள், சரி, அது வேண்டியதுதான். வங்கதேசம், சிரியா எல்லாம் வந்திருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வந்தால் ஒரே ஒரு பத்தி, ஒரு சின்ன வரைபடம், அதற்கும் துப்பாக்கி நிழல் என்று ஒரு தலைப்பு. மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்று நாட்டு ராணுவ அரசுகளும் எக்கோவாஸ் என்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பை விட்டு விலகுவதாக ஜனவரியில் அறிவித்தது பெரிய செய்திதான், அதை எழுதியதில் குறை சொல்லவில்லை. ஆனால் மாலிக்குப் பக்கத்திலேயே செனகல் இருக்கிறது. 1960இல் சுதந்திரம் வாங்கியதிலிருந்து ஒரு தடவைகூட ராணுவம் ஆட்சியைப் பிடிக்காத நாடு. அந்த ஒரே ஆண்டில் அங்கே நடந்ததை ஒழுங்காக எழுதினால் நீங்கள் ஒதுக்கிய உலகப் பக்கங்கள் அத்தனையும் பத்தாது. அதற்கு ஒரு வரிகூட இல்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

பிப்ரவரி 25ஆம் தேதி அதிபர் தேர்தல் நடக்க வேண்டும். பிரசாரம் தொடங்க ஒரு நாள்கூட இல்லாத நேரத்தில், பிப்ரவரி 3 அன்று, அதிபர் மக்கி சால் தொலைக்காட்சியில் வந்து தேர்தலைத் தள்ளி வைப்பதாகச் சொன்னார். காரணம் என்ன தெரியுமா? முன்னாள் அதிபர் அப்துல்லாயே வாடின் மகன் கரீம் வாடை, இரட்டைக் குடியுரிமைப் பிரச்சினையைக் காட்டி அரசியலமைப்பு மன்றம் போட்டியிலிருந்து நீக்கியிருந்தது. அவருடைய கட்சிக்காரர்கள் அந்த மன்றத்தின் நீதிபதிகள் இரண்டு பேர் மீது ஊழல் புகார் சொன்னார்கள். நாடாளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது, சால் அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர்களை ஜாந்தார்ம் என்ற துணை ராணுவக் காவலர்கள் உள்ளே புகுந்து வெளியேற்றினார்கள். பிறகு 105க்கு 1 என்ற கணக்கில் தேர்தல் டிசம்பர் 15க்குத் தள்ளிப் போனது. அதுவரை சாலே அதிபர். கைபேசி இணையம் துண்டிக்கப்பட்டது, ஒரு தனியார் தொலைக்காட்சி நிறுத்தப்பட்டது, தெருவில் இறங்கியவர்களில் மூன்று பேர் செத்தார்கள். இதுவரை படித்தால் உங்கள் தலைப்புக்குப் பொருந்துகிற கதை மாதிரித்தான் இருக்கும்.

பிப்ரவரி 15 அன்று அந்த அரசியலமைப்பு மன்றம், அதாவது எதன் நீதிபதிகள் லஞ்சம் வாங்கினார்கள் என்று சொல்லித் தேர்தலையே நிறுத்தினார்களோ அதே மன்றம், தள்ளிவைத்தது செல்லாது என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. கூடிய சீக்கிரம் தேர்தலை நடத்து என்றது. அடுத்த நாளே சால், தீர்ப்பை ஏற்கிறேன் என்றார். சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை, தேசிய உரையாடல் என்று ஒன்றைக் கூட்டி ஜூன் 2 என்று ஒரு தேதியை வாங்கி வந்தார். ஏப்ரல் 2ஆம் தேதி அவர் பதவிக்காலம் முடிகிறது, அதற்குள் தேர்தல் நடந்தாக வேண்டும் என்று மன்றம் அதையும் தள்ளியது.

அந்த மார்ச் 6ஆம் தேதியை மட்டும் தனியாக எடுத்து ஒரு பக்கம் போடலாம். ஒரே நாளில் மன்றம் ஜூன் தேதியை நிராகரிக்கிறது, மார்ச் 24 தேர்தல் என்று அரசு அறிவிக்கிறது, பிரதமர் அமடூ பா ஆளுங்கட்சி வேட்பாளர் என்பதால் அவரை விடுவித்து வேறு பிரதமரைப் போடுகிறார்கள், நாடாளுமன்றம் பொது மன்னிப்புச் சட்டத்தையும் நிறைவேற்றுகிறது. இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. 2021 முதல் 2024 வரை நடந்த அரசியல் கலவரங்கள் தொடர்பான எல்லாக் குற்றங்களுக்கும் மன்னிப்பு. அந்தக் காலத்தில் செத்தவர்கள் அறுபது பேருக்கு மேல் என்று மனித உரிமை அமைப்புகள் சொல்கின்றன. சிறையில் கிடந்த எதிர்க்கட்சிக்காரர்கள் வெளியே வந்தார்கள், சந்தோஷம். சுட்டவர்களுக்கும் அதே சட்டம்தான் குடை பிடிக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்கள்? பாராட்டி எழுதுகிற பலர் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துப் போய்விடுகிறார்கள்.

அந்தச் சட்டத்தால் மார்ச் 14 இரவு வெளியே வந்தவர்களில் இருவர், பாஸ்டெஃப் என்ற எதிர்க்கட்சியின் உஸ்மான் சோன்கோவும் பசிரு ஜொமாய் ஃபாயும். இருவரும் வருமான வரி அதிகாரிகளாக இருந்தவர்கள். சோன்கோதான் தலைவர், இளைஞர்கள் பைத்தியமாக இருந்தது அவர் மீது. ஆனால் அவதூறு வழக்கில் வந்த தண்டனையால் அவர் போட்டியிட முடியவில்லை, அவர்களுடைய பாஸ்டெஃப் கட்சியையே 2023இல் அரசு கலைத்திருந்தது. அதனால் பெரிய அளவில் யாருக்கும் தெரியாத ஃபாய், சிறையில் இருந்தபடியே சுயேச்சை வேட்பாளர். வெளியே வந்தபோது வாக்குப்பதிவுக்குப் பத்தே நாள். ஜொமாய் என்றால் சோன்கோ, சோன்கோ என்றால் ஜொமாய், இதுதான் மொத்தப் பிரசாரமும்.

ரமலான் மாதம் வேறு. 95 சதவீதத்துக்கு மேல் முஸ்லிம்கள் உள்ள நாடு, நோன்போடு வரிசையில் நின்றார்கள். அங்கே நம்மைப் போல இயந்திரம் கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிச் சீட்டு, 19 வேட்பாளர்கள். மேசையிலிருந்து பல சீட்டுகளை எடுத்துக்கொண்டு மறைப்புக்குள் போய், வேண்டியதை உறையில் போட்டுவிட்டு, மற்றதைக் கசக்கி அங்கேயே எறிந்துவிட்டு வர வேண்டும். அன்று இரவே வாக்குச்சாவடி வாரியாக எண்ணிக்கை வானொலியில் வர ஆரம்பித்துவிட்டது. மறுநாள் அமடூ பா தோல்வியை ஒப்புக்கொண்டு ஃபாய்க்கு வாழ்த்துச் சொன்னார். அன்றைக்குத்தான் ஃபாய்க்கு 44 வயது நிறைந்தது. அதிகாரப்பூர்வ முடிவு ஃபாய் 54.28 சதவீதம், பா 35.79. இரண்டாம் சுற்றே தேவைப்படவில்லை. ஏப்ரல் 2 அன்று பதவியேற்பு, சோன்கோ பிரதமர். சிறைக் கதவுக்கும் அதிபர் நாற்காலிக்கும் நடுவில் மூன்று வாரம்கூட இல்லை.

நம்மூர் இணையதளங்களில் இதில் என்ன வந்தது என்று தேடிப் பாருங்கள். புது அதிபர் இரண்டு மனைவிகளோடு பதவியேற்பு விழாவுக்கு வந்தார் என்பது கிடைக்கும். அதுதான் நமக்கு ருசி.

சாலுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் செய்தது அநியாயம், சந்தேகமே இல்லை. ஆனால் மன்றத்தின் கையில் போலீஸ் இல்லை, பட்டாளம் இல்லை, ஒரு தீர்ப்புத் தாள்தான் இருந்தது. அதை அவர் மதிக்காமல் விட்டிருந்தால் யார் என்ன செய்திருக்க முடியும்? மாலியிலும் நைஜரிலும் நடந்ததையே பார்த்துக்கொண்டிருந்த செனகல் ராணுவத்தில் யாருக்காவது ஆசை வந்திருக்காதா? வரவில்லை, அல்லது வந்தும் அடங்கிவிட்டது.

அப்புறம் ஆண்டு முழுவதும் இறக்கை கட்டிப் பறந்தது. ஜூன் 11 அன்று தலைநகர் டக்காருக்குத் தெற்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்குள் உள்ள சாங்கோமார் வயலில் நாட்டின் முதல் எண்ணெய் வந்தது. அதில் ஆஸ்திரேலிய நிறுவனமான உட்சைடுக்கு 82 சதவீதம், அரசு நிறுவனத்துக்கு 18. ஒப்பந்தங்களை மறுபடி பேசுவோம் என்று சொல்லி ஓட்டு வாங்கியவர்களுக்கு அந்தக் கணக்கு தினமும் கண்ணில் குத்தும். செப்டம்பர் 12 அன்று ஃபாய் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். இரண்டு ஆண்டு முடியாமல் கலைக்கக் கூடாது என்று சட்டம், முடிந்த உடனே கலைத்தார். நவம்பர் 17 தேர்தலில், மீண்டும் களத்துக்கு வந்த பாஸ்டெஃப் 165 இடங்களில் 130ஐ அள்ளியது. மக்கி சால் மொராக்கோவில் இருந்தபடியே எதிரணிக்குத் தலைமை தாங்கிப் பார்த்தார், ஒன்றும் எடுபடவில்லை.

இவ்வளவு பெரும்பான்மை நல்லதா என்று கேட்டால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. கைக்கு வந்த கஜானாவைத் திறந்து பார்த்துவிட்டு செப்டம்பர் 26 அன்று சோன்கோவின் அரசு சொன்னது இன்னும் மோசம். 2019 முதல் 2023 வரை கடன் சராசரியாக மொத்த உற்பத்தியில் 65.9 சதவீதம் என்று பழைய அரசு சொல்லியிருந்தது, உண்மையில் 76.3 என்றது. அதே காலத்தில் சராசரி பட்ஜெட் பற்றாக்குறை 5.5 இல்லை, 10.4 என்றது. பழைய ஆட்சிக்காரர்கள் மறுக்கிறார்கள், சர்வதேச நாணய நிதியம் கொடுக்க வேண்டிய தவணைப் பணம் நின்றுவிட்டது.

இளைஞர்கள் காத்திருக்கத் தயாராக இல்லை. செப்டம்பர் 8 அன்று ம்பூர் கரையிலிருந்து கிளம்பிய படகு, கரையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்திலேயே கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். போன இடம் ஸ்பெயினின் கானரித் தீவுகள். பல நாட்டவரும் சேர்த்து 2024இல் அந்தத் தீவுகளுக்குக் கடல் வழியாகப் போய்ச் சேர்ந்தவர்கள் 46,843 பேர், இதுவரை இல்லாத அளவு. போய்ச் சேராதவர்களுக்குக் கணக்கில்லை. ம்பூர் மீன்பிடி ஊர். வெளிநாட்டு இழுவைக் கப்பல்கள் வந்து அள்ளிப் போவதால் வலையில் ஒன்றும் விழுவதில்லை என்று அந்த மீனவர்கள் பல ஆண்டுகளாகக் கத்துகிறார்கள், ஐரோப்பிய ஒன்றியத்தோடு இருந்த மீன்பிடி ஒப்பந்தம் நவம்பரில் புதுப்பிக்கப்படாமல் முடிந்தது.

நான் புதுச்சேரிக்காரன் என்பதால் பிரான்ஸ் பற்றியும் சொல்லாமல் விட முடியவில்லை. 1944 டிசம்பர் 1 அன்று, பிரான்சுக்காகப் போரிட்டுத் திரும்பிய ஆப்பிரிக்கச் சிப்பாய்கள், பாக்கிச் சம்பளம் கேட்டதற்காக டக்காருக்குப் பக்கத்தில் தியாரோய் முகாமில் பிரெஞ்சுப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 35 பேர் என்றது பிரான்ஸ், நூற்றுக்கணக்கில் என்கிறார்கள் சில வரலாற்றாசிரியர்கள். 80ஆம் நினைவு நாளுக்குச் சில நாள் முன்னால்தான் மக்ரோன் அதைப் படுகொலை என்று கடிதத்தில் ஒப்புக்கொண்டார். பிரெஞ்சு ராணுவத் தளங்கள் வேண்டாம் என்று அதே சமயத்தில் ஃபாய் சொல்லிவிட்டார், புத்தாண்டு உரையில் 2025 முதல் எந்த வெளிநாட்டுப் படையும் இருக்காது என்றும் அறிவித்துவிட்டார். பக்கத்து நாடுகளில் சீருடைக்காரர்கள் கோஷம் போட்டுச் செய்ததை இவர் ஓட்டு வாங்கி வந்து செய்கிறார், இது செய்தி இல்லையா?

தமிழ் வாசகருக்கு செனகல் யார் என்று கேட்பீர்கள். முதல் அதிபர் செங்கோர் திராவிட, ஆப்பிரிக்க ஒற்றுமைகளில் அப்படி ஓர் ஆர்வம் கொண்டவர். நம் தமிழறிஞர் க.ப. அறவாணன் டக்கார் பல்கலைக்கழகத்தில் போய்ப் பணியாற்றியவர். அந்த ஒப்பீட்டை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை, அது வேறு சண்டை. ஆனால் 2023 ஜூன் கலவரத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் மூடிக் கிடந்த பல்கலைக்கழகம் அதுதான் என்பதையாவது நாம் அறிந்திருக்கலாம்.

கடைசியாக ஒன்று. அந்தச் சின்ன வரைபடத்தில் டக்காரை காம்பியாவுக்குத் தெற்கே குறித்திருக்கிறீர்கள். அது வடக்கே, கண்டத்தின் மேற்கு முனையில் இருக்கிறது. நீங்கள் புள்ளி வைத்த இடத்துக்குப் பக்கத்தில் இருப்பது ஜிகின்ஷோர், சோன்கோ மேயராக இருந்த ஊர். அடுத்த இதழில் திருத்தம் போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புதுச்சேரி