கணக்குத் தகராறுக்குக் கேட்டைப் பூட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம். மடிப்பாக்கத்தில் உங்கள் அடுக்ககத்தின் சி பிளாக் மூன்றாம் மாடியில் நான்கு வருஷம் வாடகைக்கு இருந்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை காலி செய்தவள் நான். அன்று கேட்டில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். செயலாளர் சாரை மூன்று முறை போனில் கூப்பிட்டேன். மூன்று முறையும் "ஓனர் லெட்டர் இருந்தா விட்டுடுவாங்க மேடம், இது கமிட்டி முடிவு" என்றுதான் சொன்னார். அந்த முடிவைப் பற்றித்தான் இந்த மடல். உரிமையாளரின் கடிதம் இல்லாமல் வாடகைதாரரின் சாமான் வெளியே போகக்கூடாது என்று லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கிறீர்களே, அந்தச் சுற்றறிக்கையைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள்.

வாடகையில் நான் ஒரு ரூபாய் பாக்கி வைக்கவில்லை. மெயின்டனன்ஸ், கரண்ட் பில் எல்லாவற்றுக்கும் ரசீது கையில் இருந்தது. இரண்டு மாதம் முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் காலி செய்தேன். தகராறு பெயின்ட் விஷயத்தில் மட்டும்தான். 1,50,000 ரூபாய் அட்வான்ஸில் பெயின்ட் செலவுக்கு 45,000 பிடித்துக்கொள்வேன், மீதியை அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன் என்றார் வீட்டுக்காரர். பில் கேட்டேன். இனிமேல்தானே அடிக்கப் போகிறேன், அதற்குள் பில் எங்கிருந்து வரும் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை, அவரும் கடிதம் தரவில்லை. சரி, அது அவருக்கும் எனக்கும் உள்ள வழக்கு. அதை நீங்கள் தீர்த்துவைக்க வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. ஆனால் கேட்டைப் பூட்டியதன் மூலம் நீங்கள் அவர் பக்கம் சேர்ந்துகொண்டீர்கள்.

மதியம் பன்னிரண்டரைக்குக் குட்டியானை கேட்டுக்கு வந்தது. ஏற்றும்போது யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் ஏற்றிக் கயிறு கட்டி முடித்த பிறகுதான் கேட் திறக்காது என்று தெரிந்தது. என் மாமியாருக்கு 74 வயது, மூட்டு வலி. புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும், நாலரைக்கு ராகு காலம் வந்துவிடும், அதற்கு முன்னால் காய்ச்சிவிட வேண்டும் என்பது மட்டுமே அவர் கவலை. செக்யூரிட்டி அறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், பால் பாக்கெட் இருந்த மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணி இரண்டு, மூன்று, மூன்றரை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை பைக்குள் கையை விட்டுப் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார். லோடு ஏற்ற வந்தவர்கள் வெயிட்டிங் பணம் கேட்க ஆரம்பித்தார்கள். செக்யூரிட்டித் தம்பி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். "அக்கா, திறந்துவிட்டா என் வேலை போயிடும்" என்றான். அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவனைக் கூப்பிட்டு ஏதும் கேட்டுவிடாதீர்கள்.

நாலேமுக்காலுக்கு வீட்டுக்காரரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. 45,000 பிடித்தத்துக்குச் சம்மதம் என்று எழுதி அனுப்புங்கள், உடனே கடிதம் அனுப்புகிறேன் என்று. மாமியார் முகத்தைப் பார்த்தேன். 'சம்மதம்' என்று எழுதி அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் கடிதம் வந்தது, கேட் திறந்தது. ஆறு மணிக்கு மேல் புது வீட்டில் பாலை அடுப்பில் வைத்தோம். திரிந்துவிட்டது. மாமியார் ஒன்றும் சொல்லாமல் அடுப்பை அணைத்தார்.

அந்த ஒரு வார்த்தையை நான் மனசார எழுதவில்லை. உங்கள் கேட்தான் என்னை எழுத வைத்தது.

சட்டம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. கமிட்டியில் ஒரு வக்கீலே இருக்கிறார். 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் 2017இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகைதாரர் காலி செய்த ஒரு மாதத்துக்குள், அவர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. அடுத்த ஆள் வரும்வரை என்று அதில் இல்லை. யார் எந்த வேலையைப் பார்க்க வேண்டும் என்ற அட்டவணையில் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் உரிமையாளர் பக்கத்தில்தான் இருக்கின்றன. குழாய் வாஷர், சுவிட்ச் மாதிரியான சில்லறை ரிப்பேர்தான் எங்கள் பக்கம். என் ஒப்பந்தத்தில் பெயின்ட் என்ற பேச்சே கிடையாது. நான் நிஜமாகவே பாக்கி வைத்திருந்தாலும் அதைக் கேட்க வாடகை நீதிமன்றம் இருக்கிறது. சாமானை மடக்கி வைக்கும் அதிகாரத்தைச் சங்கத்துக்கு யார் கொடுத்தார்கள்?

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. கூடவே, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் இந்த ஊரில் பத்து மாத அட்வான்ஸ் இன்னும் நடக்கிறது. நானும் 15,000 வாடகைக்கு 1,50,000 கொடுத்துத்தான் உள்ளே வந்தேன். பழைய வீட்டுப் பணம் வருவதற்குள் புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டும். என் செயின் இப்போது அடகுக் கடையில் இருக்கிறது. வீடு மாறுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் வீட்டில் இதே கதைதான்.

அப்புறம் ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். ஜெனரேட்டருக்கு டீசல் கேனை இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கி வந்தவர்களில் என் கணவரும் ஒருவர். ஏ பிளாக் பெரியவர்களுக்கு இரண்டு நாள் எங்கள் வீட்டிலிருந்துதான் சாப்பாடு போனது. அப்போது யார் ஓனர், யார் டெனன்ட் என்று யாரும் கேட்கவில்லை. நான்கு வருஷமும் மெயின்டனன்ஸ் நாங்கள்தான் கட்டினோம். ஆனால் சங்கக் கூட்டத்துக்கு ஒரு முறைகூட எங்களை அழைத்ததில்லை. அந்தச் சுற்றறிக்கையை முடிவு செய்த கூட்டத்தில் வாடகைதாரர் ஒருவராவது உட்கார்ந்திருந்தால், ஏற்றி முடித்த வண்டியைக் கேட்டில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று எடுத்துச் சொல்லியிருப்பார்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் எனக்கு நல்லது செய்தவர்கள், அதை நான் மறக்கவில்லை. என் 45,000 ரூபாய்க்கு நான் போராடிக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் அந்தச் சம்மதம் எப்படி வந்தது என்பதை எழுதி மனுவும் தயார் செய்துவிட்டேன். சாமானோடு எங்களைக் கேட்டில் நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்தது உண்மை என்று சங்கம் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

யார் காலி செய்கிறார்கள் என்று உரிமையாளருக்குத் தெரிய வேண்டும் என்றால், முதல் நாளே சங்கம் அவருக்கு ஒரு போன் செய்யட்டும். வண்டி எண்ணை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், அடையாள அட்டை நகல் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டை மட்டும் பூட்டாதீர்கள்.

பி பிளாக் இரண்டாம் மாடியில் ஒரு குடும்பம் இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறது. கைக்குழந்தை இருக்கிற வீடு. அதற்குள் லிஃப்ட் பக்கத்தில் இருக்கும் அந்தத் தாளைக் கிழித்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சி பிளாக்கில் குடியிருந்தவள்