ஆஸ்பத்திரி வாசலில் பாட்டாச் செருப்பு தந்த அண்ணனுக்கு

மட்டக்களப்பு உறவுகளுக்கு வணக்கம்.

நேற்று இரவு அப்பா இரண்டு இடியப்பம் சாப்பிட்டார். சொதிக்கு உப்புக் காணாது என்று அம்மாவோடு சண்டையும் பிடித்தார். அன்றைக்குக் கடற்கரையில் அப்பாவுக்கு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத இன்னும் கை வரவில்லை.

கல்லடிக் கடற்கரையில் அப்பாவைத் தூக்கி ஏற்றிய பையன்கள், கூலி வாங்க மறுத்த ஓட்டோக்காரர், சொன்னதும் வந்து இரத்தம் கொடுத்த காத்தான்குடித் தம்பிமார், அம்மாவைத் தன் வீட்டில் படுக்கவைத்த அக்கா, வார்டில் கண்விழித்த மிஸ்மார், டொக்டர்மார் எல்லோருக்கும் கும்பிடு. உங்கள் போன் நம்பர்கள் என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொருவராக எடுத்துப் பேசுவேன்.

நம்பர் இல்லாதவர் ஒருவர்தான். இந்த மடல் அவருக்கு.

அண்ணன், அன்று மத்தியானம் மருந்துக்கடைக்கு ஓட ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோதுதான் காலில் செருப்பு இல்லை என்று எனக்கே தெரிந்தது. கடற்கரை மணலில் விட்டிருப்பேன். ஹட்டன் குளிரில் வளர்ந்த காலுக்கு அந்தத் தார் ரோட்டு தோசைக்கல். நீங்கள் சோற்றுப் பார்சலோடு உள்ளே போய்க்கொண்டிருந்தீர்கள். உங்கள் பாட்டாவைக் கழற்றி, காலாலேயே என் பக்கம் தள்ளிவிட்டு, "போட்டுட்டு ஓடுங்க தம்பி, எனக்கு இந்த ரோட்டு பழக்கம்" என்றீர்கள். மருந்தோடு திரும்பி வந்து வார்ட் வார்டாகத் தேடினேன். ஆளைக் காணோம்.

நீல வார். இடது காலில் வார் கழன்று, அடியில் ஊக்கு ஒன்று குத்தியிருந்தது. எனக்கு ஒரு சைஸ் பெரிது. நடந்தால் டப்பு டப்பென்று சத்தம். புதுசு வாங்கக் காசும் இருந்தது, கடையும் எதிரிலேயே இருந்தது. ஏனோ வாங்கவில்லை.

இரண்டு நாள் ஊர் பார்க்க வந்தது எட்டு நாளாகிவிட்டது. பார்த்த கொஞ்சத்தையும் உங்கள் பாட்டாவோடுதான் பார்த்தேன். மாமாங்கேஸ்வரர் கோவிலில் நேர்த்தி வைத்தபோது, உண்மையைச் சொன்னால், பாதி மனம் வாசலில் கழற்றிவிட்ட செருப்பில்தான். தூக்கம் வராத இரவில் 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தில் நடந்தேன். மீன் பாடுமாமே என்று தூண்டிலோடு நின்றவரிடம் கேட்டேன். "பூரணைக்கு வாங்க. தோணியில போய், துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியக் காதில வைக்கணும்" என்றார். எனக்கு அன்றைக்குக் கேட்டது டப்பு டப்பு மட்டும்தான்.

கல்லடியில் சுனாமியில் சாய்ந்த கோபுரத்தின் முன்னால் நின்றபோது ஒன்று தோன்றியது. 2004இல் அந்தக் கரையில் எத்தனை பேர் வெறுங்காலோடு ஓடியிருப்பார்கள்! அவர்களில் நீங்களும் ஒருவரோ என்னவோ. இல்லாவிட்டால், அத்தனை சனம் போய்வரும் வாசலில் என் காலை மட்டும் எப்படிக் கவனித்தீர்கள்?

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு மாமாங்கம் வருகிறோம். உங்கள் சைஸில் புதுச் சோடி வாங்கி வைத்திருக்கிறேன். பழையதைத் தருவதாக இல்லை, மன்னிக்க வேண்டும்.

அப்புறம், இதை வாசிக்கிறவர்களுக்கு: அன்று மத்தியானம் வெறுங்காலோடு வீடு திரும்பி, "செருப்பு எங்கே?" என்று மனைவியிடம் ஏச்சு வாங்கிய ஒருவரைத் தெரிந்தால், தயவுசெய்து எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள்.