சித்தப்பாவுக்கு: 377 போன பிறகு

அன்புள்ள சித்தப்பா,

போன ஞாயிறு சாப்பிட்டுக் கை கழுவும்போது, "377-ஐத்தான் எடுத்துட்டாங்களே, இன்னும் என்னடா வேணும் உங்களுக்கு?" என்று கேட்டீர்கள். அம்மா பக்கத்தில் இருந்ததால் பேசாமல் வந்துவிட்டேன். "உங்களுக்கு" என்று நீங்கள் தயங்காமல் சொன்னது எனக்குச் சந்தோஷம்தான்.

ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு பற்றி 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பு வந்ததும் முதலில் போன் செய்தது நீங்கள். உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை முழுக்கத் தூக்கவில்லை, வயது வந்தவர்கள் சம்மதித்து நடப்பதை மட்டும்தான் விலக்கியிருக்கிறது, சம்மதமில்லாமல் செய்தால் 377 பாயும் என்று விளக்கியதும் நீங்கள்தான்.

அந்த மீதிதான் இப்போது இல்லை. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377 மொத்தமாக விடுபட்டுப்போனது. அதில் வன்புணர்ச்சி பற்றிய 63-ஆம் பிரிவைப் பிரித்துப் பாருங்கள்: செய்பவன் ஆண், பாதிக்கப்படுபவர் பெண். சிறுவனாக இருந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் இருக்கிறது. பதினெட்டு வயது தாண்டிய ஆணுக்கு?

என் நண்பன் ஒருவன், அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், போன வருஷம் ஆப்பில் பழகியவனைப் பார்க்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்டான். மூன்று பேர். மறுநாள் நானும் ஸ்டேஷனுக்குக் கூடப் போனேன். எழுதிக்கொண்டவர் மோசமாக நடக்கவில்லை. ஆனால் பாதியில் பேனாவை வைத்துவிட்டு, "இத எந்த செக்ஷன்ல தம்பி போடுறது?" என்று எங்களிடமே கேட்டார். கடைசியில் அடிதடி, பணம் பறிப்பு என்று பதிவானது. அவனுக்கு நடந்ததன் பெயர் அந்தத் தாளில் எங்குமே இல்லை. வெளியே வந்து டீக்கடையில் நின்று அவன் அழுதது அதற்காகத்தான்.

திருநங்கைகள் நிலைமையும் கொடுமை. 2019 திருநர் பாதுகாப்புச் சட்டப்படி அவர்கள்மீதான பாலியல் வன்முறைக்கு அதிகபட்சம் 2 வருஷம். பெண்ணை வன்புணர்ந்தால் குறைந்தபட்சமே 10 வருஷம்.

பழைய 377 திரும்ப வர வேண்டாம், சித்தப்பா. அதில் சம்மதம் என்ற பேச்சே கிடையாது, "இயற்கைக்கு மாறான" என்றுதான் இருந்தது. அதைக் காட்டி மிரட்டிப் பணம் பிடுங்கியவர்களை எங்களுக்குத் தெரியும். பாதிக்கப்பட்டவர் எந்தப் பாலினத்தவரானாலும் வன்புணர்ச்சி வன்புணர்ச்சிதான் என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். பாலியல் குற்றச் சட்டங்களைத் திருத்துவது பற்றி ஆராய்ந்த வர்மா குழு 2013-லேயே சொன்ன விஷயம் இது.

2021-ல் நம் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒரே பாலின உறவு தனக்குப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு தீர்ப்பு எழுதினார். அதைப் படிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்ததும் நீங்கள்தானே.

வரும் ஞாயிறு அவனையும் கூட்டி வருகிறேன். எஃப்ஐஆர் நகலை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்