கருத்துக்கேட்புக் கூட்டத்தின் கடைசி அரை மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடலோரத் திட்டங்களுக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் என்றாலே கூச்சலும் வெளிநடப்பும்தான் செய்தியாகிறது. 2023 ஜனவரி 31 அன்று சென்னை கலைவாணர் அரங்கில் மெரினா பேனா நினைவுச்சின்னத்துக்காக நடந்த கூட்டமும் அப்படித்தான் பலர் நினைவில் நிற்கிறது. ஆனால், திட்டத்தைப் பரிசீலிக்கும் நிபுணர் குழு கையில் எடுத்துப் படிப்பது கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைத்தான். வீடியோ பதிவும் கூடவே போகிறது. அதை யார் முழுசாகப் பார்க்கிறார்கள் என்பது வேறு கதை.

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் 4-ஆம் பிற்சேர்க்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. கூட்டம் முடியும்போது, பேசப்பட்டவற்றின் சுருக்கத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பிரதிநிதி உள்ளூர் மொழியில் வாசிக்க வேண்டும். தலைமை வகிக்கும் ஆட்சியரோ அவரது பிரதிநிதியோ அன்றைக்கே கையெழுத்திட வேண்டும். சாப்பாட்டு நேரம் தாண்டியதும் நம் மீனவ ஊர் ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள். மூன்று மணி நேரம் பேசியதெல்லாம் 'வாழ்வாதாரம் பாதிக்கும் எனத் தெரிவித்தனர்' என்று ஒரே வரியாகச் சுருங்குவது அப்போதுதான். ஊருக்கு நாலு பேராவது கடைசிவரை உட்கார்ந்து, விட்டுப்போனதை அங்கேயே சொல்லிச் சேர்க்க வைக்க வேண்டும். இந்தக் கூட்டத்துக்குக் கோரம், அதாவது குறைந்தது இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற கணக்கு, கிடையாது. மொத்தப் பேரும் வெளிநடப்பு செய்தாலும் கூட்டம் செல்லும்.

கூட்டத்துக்கு 30 நாள் முன்பே பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும். திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்கத்தைச் சொல்லும் வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகம், உள்ளாட்சி அலுவலகம், மாவட்டத் தொழில் மையம் ஆகிய இடங்களில் இருக்கும். தமிழில் கிடைப்பது சுருக்கம் மட்டுமே. விஷயமெல்லாம் ஆங்கில மூலத்தில். ஆங்கிலம் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து முதலில் வரைபடத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள். உயர் அலைக் கோடு (ஏற்றத்தின்போது கடல்நீர் எட்டும் எல்லை) குறித்த 1:4000 அளவு வரைபடத்தின் மேல் திட்டத்தின் அமைப்பு வரையப்பட்டிருக்கும். படகு ஏற்றும் கரை, வலை காயப்போடும் மணல், கருவாட்டுக் களம் எல்லாம் அதில் காலி நிலமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் சர்வே எண்ணையும், கைப்பேசியில் எடுத்த அட்சரேகை, தீர்க்கரேகையையும் ஆட்சேபத்தில் எழுதுங்கள். 'எங்கள் நிலம் போகிறது' என்பதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லிவிடலாம். சர்வே எண்ணுக்கு அது முடியாது.

அடுத்தது கரை அரிப்பு. நம் கிழக்குக் கரையில் வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திசை திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் வடக்குப் போக்கே மிஞ்சும். குறுக்கே அலைத்தடுப்புச் சுவர் கட்டினால் தெற்கே மணல் குவியும், வடக்கே கரை கரையும். சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகன்றதும் ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்ததும் இதனால்தான். ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு: மணல் நகர்வு அளவீடுகள் எந்தெந்த மாதங்களில் எடுக்கப்பட்டன? வடக்கே எத்தனை கிலோமீட்டர் வரை அரிப்பு கணக்கிடப்பட்டது? பருவமழைக் காலம் நீங்கலாக ஒரே பருவத்தில் எடுத்த அளவு என்றால், மணல் எதிர்த்திசையில் போகும் மாதங்கள் அந்தக் கணக்கில் இல்லை என்று பொருள். வடக்கே உள்ள ஊர்க்காரர்களுக்குக் கூட்டம் நடப்பதே பெரும்பாலும் தெரியாது என்பதையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும்.

ஒரே வாசகத்தில் அச்சடித்த ஐந்நூறு மனுக்கள் ஒரே ஆட்சேபமாகத்தான் சுருங்கும். அறிக்கையின் பக்க எண்ணைச் சுட்டி எழுதிய பத்துத் தனி மனுக்கள் மேல். கூட்டத்துக்கு முன்பே வாரிய அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். எழுப்பிய ஆட்சேபங்களுக்கு இறுதி அறிக்கையில் பதில் இருக்க வேண்டும். பிற்பாடு அனுமதி வந்துவிட்டால், பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் அவகாசம். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அப்போது அந்த முத்திரை நகல் வேண்டும்.

வாரியத்திடம் கேட்பது ஒன்றுதான். நடவடிக்கைக் குறிப்பு தட்டச்சாகும்போதே அரங்கத் திரையில் எல்லோருக்கும் தெரிகிறபடி காட்டட்டும். புரொஜெக்டர் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. திட்டத்தின் வண்ணப் படங்களைக் காட்டுவதற்காகக் கொண்டுவருவதுதான்.

– வாசகர், பழவேற்காடு